மொட்டைமாடியில் சிவப்புப் போர்வை

இந்த ஊரைப் பிடிக்கவில்லை என்று சொன்ன ஒருவரை இதுவரை யாரும் பார்த்ததில்லை. பத்து நாளைக்கு என்று பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் மூன்றாம் நாளே காப்பிக் கடையில் உட்கார்ந்து, "பேசாம இங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிட்டா என்ன" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கடைக்காரரும் அதை முதல் தடவை கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு இன்னொரு காப்பி போடுவார். பிறை மாதிரி வளைந்த மணல், ஒரு கோடியில் பாறை, மறு கோடியில் கழிமுகம், நடுவில் வரிசை கட்டி வந்து உடைகிற அலை. அலைப்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் திரிகிற ஜனம். காலில் மணல், பல்லில் மணல், படுக்கையில் மணல். படுக்கையில் மணல் இருப்பதால்தான் மெஷினக்காவுக்குப் பிழைப்பு.

மெஷினக்கா என்றால் கொடிக்காரரின் மனைவி. வீட்டின் பின்கட்டில் இரண்டு பெரிய துவைக்கும் மெஷின்களை வைத்துக்கொண்டு, ஊரில் உள்ள விடுதிகளின் படுக்கை விரிப்பு, துண்டு, போர்வை எல்லாவற்றையும் வாங்கித் துவைத்துக் கொடுக்கிறாள். மெஷின் ஓடும்போது அந்த வீட்டுச் சுவர் நடுங்கும். அவர்கள் வீட்டில் சண்டையா சமாதானமா என்று தெருவுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாமல் போனதற்கு அந்தச் சத்தம்தான் காரணம். இது எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் தீராத மனக்குறை.

கொடிக்காரர் கடற்கரைக் காவலர். நாலு கால் மரமேடையில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பார். இறங்கலாம் என்றால் பச்சைக் கொடி, கூடாது என்றால் சிவப்பு. இந்த ஊரில் பலகைமேல் முதல்முதலாக எழுந்து நின்றவர் அவர். அதற்கு முன்னால் இந்த ஊர் அலை சும்மா வந்து சும்மா போய்க்கொண்டிருந்தது என்று கடைக்காரர் சொல்வார். இருபத்தாறு வருஷமாக அதே மேடை. அவர் பச்சை ஏற்றினால் கைக்குழந்தையோடு இறங்குவார்கள். சிவப்பு ஏற்றினால், குடித்துவிட்டு ரகளை செய்கிறவன்கூட மணலிலேயே உட்கார்ந்து ரகளை செய்வான்.

அப்படிப்பட்ட மனிதருக்குக் கண் போய்விட்டது.

ஒரேயடியாகப் போகவில்லை. மூக்கோரம் வெள்ளைவிழியில் ஆரம்பித்த ஒரு சதை, வருஷத்துக்கு ஒரு நூல் அளவு நகர்ந்து, இரண்டு கண்ணிலும் கருவிழிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. "வெயில், உப்பு, காத்து. மூணும் உங்களுக்கு எதிரி" என்றார் கண் டாக்டர். "மூணும்தான் சார் என் ஆபீஸ்" என்றார் கொடிக்காரர். ஆபரேஷன் பண்ணவேண்டும், அதற்கப்புறம் கடற்கரை வெயிலை மறந்துவிடவேண்டும் என்று சொன்னதும் எழுந்து வந்தவர்தான். இந்தச் சீசன் முடியட்டும் என்றார். அந்தச் சீசன் முடிந்து மூன்று சீசன் ஆகிவிட்டது.

வருஷா வருஷம் கண் நன்றாக இருக்கிறது என்று ஒரு தாள் கொடுத்தாக வேண்டும். எழுத்துப் பலகையை மேலிருந்து கீழே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். கடைசிக்கு முந்தின வரியில் வேண்டுமென்றே ஒரு எழுத்தைத் தப்பாகச் சொல்வார், நம்புகிற மாதிரி இருக்கட்டும் என்று. தாளில் கையெழுத்துப் போடுகிறவரும் அலைக்காகவே இந்த ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தவர். அவருக்குக் கொடிக்காரர்மேல் இருந்த மரியாதையில் கண்ணைப் பார்க்கவே கூச்சம்.

வீட்டில் ஏமாற்ற முடியுமா? ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் மீன் வறுவலை விட்டுவிட்டுத் தட்டோரத்தில் வரைந்திருந்த பூவைக் கிள்ளிப் பார்த்தார். மெஷினக்கா சிரிக்கவில்லை.

"எவ்வளவு தெரியுது, உண்மையைச் சொல்லுங்க."

"ஆள் தெரியுது. நிறம் தெரியுது. மூஞ்சி ஒரு கை தூரத்துக்கு வந்தா தெரியும்."

"தண்ணி?"

அவர் அடுத்த கவளத்தைப் பிசைந்தார். "தண்ணிதான் தெரியல" என்றார்.

தண்ணீர் தெரிவது என்றால் நீலமாகத் தெரிவது இல்லை. அலை வெள்ளையாக உடைகிற இடத்தில் பயமில்லை. நடுவே உடையாமல், ஆள் நடக்க ரோடு போட்ட மாதிரிக் கருப்பாக, வழுவழுவென்று ஒரு சந்து விழும். புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் அமைதியான இடம் என்று தேடிப்போய் இறங்குவார்கள். ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போவது அந்தச் சந்துதான். நேற்று இருந்த இடத்தில் இன்றைக்கு இருக்காது. அதைப் பார்க்கத்தான் மேடை, கொடி, கொடிக்காரர் எல்லாம்.

"நான் பார்க்கறேன், நீங்க ஏத்துங்க" என்றாள் மெஷினக்கா.

இருபத்தாறு வருஷம் அவரோடு குடித்தனம் பண்ணினதில் கடலைப் படிக்க அவளுக்கும் வந்திருந்தது. அவள் மொட்டைமாடியில் நின்றால் பாறையிலிருந்து கழிமுகம்வரை ஒரே பார்வை. மேடையிலிருந்து பார்த்தால் அந்த மாடியில் கடல்பக்கம் கட்டின கயிறு தெரியும். வெள்ளை விரிப்பு மட்டும் தொங்கினால் திறக்கலாம். சிவப்புக் கம்பளிப் போர்வை இடதுகோடியில் இருந்தால் பாறையோரம் ஆளை விடாதே. வலதுகோடியில் என்றால் கழிமுகம். நடுவில் போட்டிருந்தால் யாரையும் இறக்காதே. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை மாடி ஏறினாள். மூன்று சீசன் இப்படி ஓடியது, ஒரு உயிர் போகவில்லை. துவைக்கவே துவைக்காத அந்தப் போர்வையை எதற்கு இவள் தினமும் காயப்போடுகிறாள் என்று தையல்காரம்மா மட்டும் தலையைப் பிய்த்துக்கொண்டாள்.

இதற்கு நடுவே வருஷக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். மெஷினக்கா வீட்டு மாடியறைக்கு வருஷம் தவறாமல் அதே மாசம் வந்து இருபத்திரண்டு நாள் தங்குகிறவர். எங்கோ ஒரு பெரிய ஊரில் தபால் பிரிக்கிற வேலை. மனைவி போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம், ஒரே மகள் ஹாஸ்டலில் படிக்கிறாள். பதினோரு வருஷமாகப் பலகை பழகுகிறார், பழகிக்கொண்டே இருக்கிறார். அவர் எழுந்து நின்றால் காப்பிக் கடையிலிருந்து எல்லோரும் சேர்ந்து எண்ணுவார்கள். ஏழைத் தாண்டினதில்லை. விழுந்து எழுந்து கையைத் தூக்கி, "எத்தனை?" என்று கேட்பார்.

ஊர்க்காரர்களைவிட அவருக்கு ஊர்மேல் பாசம். எந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்று அவருக்குத்தான் தெரியும். மணலில் யாராவது குப்பை போட்டால் கொடிக்காரர் சும்மா இருப்பார், இவர் போய்ச் சண்டை பிடிப்பார். "வருஷத்துல இருபத்திரண்டு நாள்தான்கா நான் உயிரோட இருக்கேன்" என்று மெஷினக்காவிடம் சொல்வார். "மிச்ச நாளெல்லாம் கடிதாசி." கொடிக்காரர் கொடி ஏற்றாமல் முழங்கால் தண்ணீரில்கூட நிற்கமாட்டார். பயந்தாங்கொள்ளி என்று கடைக்காரர் கிண்டல் பண்ணினால், "பயம் இல்லண்ணே, மரியாதை" என்பார்.

அன்றைக்கு விடியற்காலையில் மெஷினக்கா மாடி ஏறிப் பார்த்தாள். பாறையோரம் ஒன்று, நட்ட நடுவில் ஒன்று, இரண்டு கருப்புச் சந்து. போர்வையை நடுவில் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் எட்டுக் கிளிப் மாட்டினாள். கீழே சிவப்பு ஏறியது.

அன்றைக்குத்தான் அவளுக்கு நகரத்துக்குப் போகவேண்டியிருந்தது. கண் டாக்டரிடம் ஆபரேஷனுக்கு நாள் கேட்டு வைத்திருந்தாள், அவருக்குத் தெரியாமல். அவரிடம் சொன்னால் விடமாட்டார். நாளைக் குறித்துவிட்டு வந்து, முடிந்துபோன விஷயமாகச் சொல்லிவிடலாம் என்று கணக்கு. கடல் இன்றைக்குத் திறக்கிற மாதிரி இல்லை, நாலு மணிக்குள் திரும்பிவிடலாம். கிளம்பும்போது தையல்காரம்மா ஜன்னலிலேயே நின்றாள்.

"எங்கக்கா, புதுப் புடவையெல்லாம்?"

"டவுனுக்கு. மெஷினுக்கு ஒரு பெல்ட் வாங்கணும். மழை வந்தா துணியை மட்டும் எடுத்து உள்ள போட்டுடறியா?"

"இதெல்லாம் சொல்லணுமா? நீங்க போயிட்டு வாங்க."

போர்வையை மட்டும் தொடாதே என்று சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். தையல்காரம்மாவுக்கு ஒரு ஏன் கிடைத்துவிட்டால் சாயங்காலத்துக்குள் அது விடுதிகள் சங்கத் தலைவர் காதுவரை போய்விடும். மெஷினக்கா வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சடசடவென்று ஒரு மழை. தையல்காரம்மா தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். மெஷினக்கா கொடுத்துவிட்டுப்போன சாவிக்கொத்தோடு படியேறி, முப்பது விரிப்பையும் போர்வையையும் வாரிச் சுருட்டிக்கொண்டு வந்தாள். அரைமணி நேரத்தில் மழை விட்டு வெயில் பளிச்சென்று அடித்தது. வேறொருத்தியாக இருந்தால் துணியை அப்படியே குவித்துவிட்டுப் போயிருப்பாள். இவள் நல்ல மனசுக்காரி. முப்பது விரிப்பையும் மறுபடி கொண்டுபோய், சுருக்கம் இல்லாமல் உதறி, அதே கயிற்றில் வரிசையாகப் போட்டாள். கம்பளி கனமாயிற்றே, ஈரத்தோடு போட்டால் நாறும் என்று அதை மட்டும் கீழே நாற்காலியில் விரித்து மின்விசிறியைப் போட்டுவிட்டாள்.

மேடையிலிருந்து கொடிக்காரர் பார்த்தார். மாடியில் வெள்ளை, வெள்ளையைத் தவிர வேறொன்றுமில்லை.

மெஷினக்கா நாலேமுக்கால் பஸ்ஸில் இறங்கும்போது தெருவில் ஒரு பிராணி இல்லை. எல்லாம் கடற்கரையில் இருந்தது. தையல்காரம்மா மட்டும் செருப்பில்லாமல் எதிரே ஓடிவந்தாள்.

"அக்கா, உங்க வருஷக்காரர் போயிட்டாருக்கா. நடுக்கடலுக்கு இழுத்துட்டுப் போயிடுச்சாம். உங்க வீட்டுக்காரர்தான் நீந்திப் போய்த் தூக்கிட்டு வந்தாரு. ஆனா மூச்சு இல்ல."

மெஷினக்கா மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"துணியைப் பத்தி ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றாள் தையல்காரம்மா, அழுதுகொண்டே. "மழை வந்துச்சு. எல்லாத்தையும் எடுத்து, திரும்பவும் காயப்போட்டுட்டேன். போர்வையைப் பத்திரமா உள்ள வெச்சிருக்கேன்."

"நல்லது" என்றாள் மெஷினக்கா.

கூக்குரல் கேட்டுக் கொடிக்காரர் தண்ணீரில் பாய்ந்ததுமே கடைக்காரர் ஓடிப்போய்ச் சிவப்பை ஏற்றியிருந்தார். மற்றவர்களாவது இறங்காமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான். கூட்டம் கூடியபோது எல்லோர் கண்ணிலும் பட்டது சிவப்பு. ராத்திரிக்குள் ஊர் பேசி முடித்துவிட்டது: சிவப்புக் கொடி இருந்தது, மீறி இறங்கினார். விடுதிகள் சங்கத் தலைவர் கடைக்காரரைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டுப்போய் ரொம்ப நேரம் பேசினார். பச்சைக் கொடியில் ஆள் போனால் சீசன் போகும், ஊர் பேர் போகும், இந்த மணலை நம்பி அடுப்பு எரிகிற அத்தனை வீடும் போகும். விசாரணைக்கு வந்த அதிகாரி என்ன கொடி என்று கேட்டார். சிவப்பு என்றார் தலைவர். கடைக்காரரும் அதையே சொன்னார். ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த கொடிக்காரரைப் பார்த்தார் அதிகாரி. கொடிக்காரர் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"நீ எங்க போயிருந்த?"

"கண் டாக்டர்கிட்ட."

அதோடு அந்த வீட்டில் பேச்சு நின்றது. மெஷின் மட்டும் ஓடியது.

அடுத்த நாலு நாளும் கொடிக்காரர் சிவப்பையே ஏற்றினார். கண்ணாடி மாதிரிக் கிடந்த கடலுக்கும் சிவப்பு. முதல் இரண்டு நாள் மரியாதைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் தலைவர் மேடைக்குக் கீழே வந்து நின்று, "எத்தனை நாளைக்குப்பா?" என்றார். கொடிக்காரர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார், தெரிகிற மாதிரி.

ஐந்தாம் நாள் வருஷக்காரரின் தங்கை வந்தாள். நல்ல மழை, காலையிலிருந்து கரண்ட் இல்லை, வீடு இருட்டு. நேரே கடற்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், சொட்டச் சொட்ட நின்றாள். மெஷினக்கா தன்னுடைய நைட்டி ஒன்றைக் கொடுத்து, தலைக்குக் கட்ட ஒரு வெள்ளைத் துண்டும் கொடுத்து, துணி மடிக்கிற மேஜை பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"பதினோரு வருஷமா வா வான்னு கூப்பிட்டான்" என்றாள் தங்கை. "நான் வரல. எங்களையெல்லாம் விட இந்த ஊர் உனக்குப் பெருசான்னு கோபம். இன்னைக்குப் பார்த்தேன். அழகாத்தான் இருக்கு."

மெஷினக்கா சூடாகக் காப்பியை வைத்தாள்.

"சிவப்புக் கொடி இருந்துச்சாமே."

"அப்படித்தான் எழுதிட்டுப் போனாங்க."

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் அன்னைக்கு ஊர்ல இல்லம்மா."

தங்கை பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். அண்ணன் சட்டைப் பையில் வைத்துக் கரையில் விட்டுப்போனது. நாளுக்கு நாலு வரி எழுதுவார்: என்ன கொடி, எத்தனை எண்ணினார்கள், என்ன சாப்பிட்டார். கடைசிப் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தாள். 'காலை: சிவப்பு. காத்திருக்கிறேன்.' அதற்குக் கீழே வெறும் கோடுகள்.

"காத்திருக்கேன்னு எழுதினவன் எப்படிக் காத்திருக்காமப் போனான்? குறுக்கே வண்டியே இல்லாத ரோட்டுல சிக்னலுக்கு நிப்பான் எங்கண்ணன். எங்க வீட்ல ஆளுக்கொண்ணு பேசறாங்க. பொண்டாட்டி போனதுலேர்ந்தே அவனுக்கு உயிர்மேல ஆசை இல்ல, தெரிஞ்சேதான் போயிட்டான்னு. அது அவன் பொண்ணு காதுல விழுந்துடுச்சு. சாப்பிட மாட்டேங்கறா. 'அத்தை, அப்பா வேணும்னே விட்டுட்டுப் போனாரா'ன்னு என்னைக் கேக்கறா. நான் என்ன பதில் சொல்ல?"

மெஷினக்காவுக்கு வாய்வரை வந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சொன்னால் மேடை போகும், மேடை போனால் அந்த மனுஷன் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்? ஜெயிலுக்கும் போகலாம். சொல்லாவிட்டால் எங்கேயோ ஒரு பெண் சாப்பிடாமல் கிடக்கும்.

"அவர் பையை எடுத்துட்டு வரேன்" என்று மாடியறைக்கு ஏறிவிட்டாள்.

அறையில் எல்லாம் ஏற்கெனவே மடித்து வைத்ததுதான். இருந்தாலும் இரண்டு சட்டையை எடுத்து, பிரித்து, மறுபடி மடித்தாள். பையைத் தூக்கிக்கொண்டு பாதிப் படி இறங்கியபோது வாசல் கதவு திறந்தது.

கொடிக்காரர் மழைக்கோட்டைக் கழற்றி, கையால் தடவி ஆணியைக் கண்டுபிடித்து மாட்டினார். கூடத்து இருட்டில், துணி மேஜை பக்கத்தில், நைட்டியும் தலையில் வெள்ளைத் துண்டுமாக ஒரு பெண் நின்று விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் தங்கை எடுத்த வேலை அது. பெரிய விரிப்பு, ஒரு ஆளால் ஆகாது. அவர் போய் எதிர்முனைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். சாயங்காலமானால் கணவன் மனைவி இரண்டு பேரும் செய்கிற வேலை, அதற்குக் கண் வேண்டாம்.

"அந்தம்மா போயிட்டாங்களா?" என்றார்.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். விரிப்பை விடவில்லை.

"வந்திருக்காங்கன்னு கடைக்காரர் சொன்னார். அதான் சுத்திட்டு வரேன். மூஞ்சியப் பார்க்கப் பயமா இருந்துச்சு. பார்த்தா மட்டும் எனக்குத் தெரியவா போகுது."

முதல் மடிப்பு. ஆளுக்கு ஒரு எட்டு முன்னால் வந்தார்கள்.

படியில் நின்ற மெஷினக்கா ஒரு செருமல் செருமினால் போதும். என்னங்க என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

"அஞ்சு நாளா நீ என்னோட பேசல. பேசாட்டிப் போ. நீ டாக்டர்கிட்ட போனது தப்பில்ல. போர்வையைத் தையல்காரம்மா எடுத்ததும் தப்பில்ல. வெள்ளையைப் பார்த்தேன், நீதான் சொல்றேன்னு நெனச்சுப் பச்சையை ஏத்தினேன். ஏத்தினது என் கை."

இரண்டாவது மடிப்பு. இன்னும் ஒரு எட்டு.

"ஒண்ணு உன்கிட்ட சொல்லல. அவர் கீழே நின்னு கேட்டார். 'அண்ணே, நெசமாவே திறந்தாச்சா? எனக்கென்னமோ நடுவுல கருப்பாத் தெரியுதே'ன்னு. அவருக்குத் தெரிஞ்சிருக்கு. பதினோரு வருஷத்துல கடலைப் படிக்கக் கத்துக்கிட்டார் மனுஷன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'சார், என் கண்ணைவிட உங்க கண்ணு பெருசா?'ன்னேன். 'அதுவும் சரிதாண்ணே'ன்னு சிரிச்சுட்டு இறங்கினார்."

மெஷினக்கா பையைப் படியில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். இது அவளுக்கும் புதிது.

கடைசி மடிப்பு. எதிர்முனையை வாங்க அவர் கையை நீட்டினார். மெஷினக்காவின் விரல்கள் சோப்பிலும் சோடாவிலும் வெடித்து, மரப்பட்டை மாதிரி இருக்கும். அவர் கையில் பட்ட விரல்கள் மெத்தென்று இருந்தன. முகம் ஒரு கை தூரத்துக்கு வந்திருந்தது.

அவர் விரிப்பைப் பிடித்தபடியே நின்றார். தங்கை அதை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி, மற்ற விரிப்புகளின்மேல் வைத்து, ஓரத்தைத் தடவிச் சரிபண்ணினாள்.

"உங்களுக்குக் கண் தெரியாதா?" என்றாள்.

"தெரியாதும்மா."

"எத்தனை வருஷமா?"

"மூணு."

அடிப்பாள் என்று மெஷினக்கா நினைத்தாள். அழுவாள் என்று நினைத்தாள். தங்கை நோட்டை எடுத்து மேஜைமேல் பிரித்து, பேனாவை அவர் கையில் திணித்தாள்.

"காலை சிவப்புன்னு எழுதியிருக்கான். அதுக்குக் கீழ மிச்சத்தை நீங்க எழுதுங்க. அவன் பொண்ணு படிக்கணும்."

பேனா காகிதத்துக்கு மேலே இடம் தேடியது. வரி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மெஷினக்கா படியிறங்கி வந்து, அவர் பக்கத்தில் நின்று, அவருடைய இடதுகைச் சுட்டுவிரலைப் பிடித்து, காத்திருக்கிறேன் என்ற சொல்லுக்குக் கீழே வைத்தாள்.

"இங்க" என்றாள். ஐந்து நாளில் அவரிடம் பேசின முதல் வார்த்தை. "நேரத்தையும் போடுங்க."

அவர் எழுதினார். எழுத்து கோட்டை விட்டு இறங்கி இறங்கிப் போயிற்று. 'மூன்று மணி: பச்சை. நான் ஏற்றினேன்.' கீழே கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் மேடையில் ஆள் இல்லை. கொடிமரம் வெறுமனே நின்றது. அதிகாரி திரும்ப வந்தார், எழுதினதை அடித்து வேறு எழுதினார், கொடிக்காரரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். ஜீப்பில் ஏறுமுன் அவர் கடல்பக்கம் திரும்பி, மூக்கை விடைத்து ஒரு மூச்சு இழுத்தார். அதோடு சரி. விடுதிகள் காலியாயின. மெஷினக்காவுக்குத் துணி போடுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். ஊரை விற்றுவிட்டாள் என்றார் தலைவர். கடைக்காரரும் மறுபடி விசாரணைக்குப் போகவேண்டியிருந்தது.

போர்வையை எடுத்தது யார் என்று அதிகாரி கேட்டபோது, "நான்தான், டவுனுக்குக் கிளம்பற அவசரத்துல மறந்து எடுத்துட்டேன்" என்று மெஷினக்கா தன் பெயரில் போட்டுக்கொண்டாள். ஜன்னலில் நின்று அதைக் கேட்ட தையல்காரம்மா உள்ளே போய்த் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் மிதிக்கவில்லை. இந்தத் தெருவில் அவள் வாயில் தங்கிவிட்ட ஒரே விஷயம் அதுதான். இன்னும் தங்கியிருக்கிறது. மழை வந்தால் இப்போதும் முதலில் அவள்தான் வெளியே ஓடிவருகிறாள். வந்து, எதிர்மாடியைப் பார்த்தபடி நின்றுவிடுகிறாள். அங்கே கயிறு மட்டும்தான் இருக்கிறது.